பல்லைப் பிடுங்கியாயிற்று, பாதி வேலை பாக்கி!

பல் டாக்டரின் நாற்காலியைக் கண்டு நடுங்காதவர்கள் மிகக் குறைவு. ஊரையே அதட்டி வேலை வாங்கும் ஆசாமிகூட, குறட்டைப் பார்த்ததும் வேர்த்துப் போகிறார். ஆனால் நாற்காலியை விட்டு இறங்கியதும் அந்தப் பயம் எங்கேயோ பறந்துவிடுகிறது. "அப்பாடா, முடிந்தது!" என்று வாசலுக்கு வருகிறார். வந்ததும் செய்கிற முதல் காரியம் என்ன? வாயில் வைத்த பஞ்சை எடுத்து எறிகிறார். காறித் துப்புகிறார். குழாயடியில் போய் நன்றாக வாய் கொப்பளிக்கிறார்.

தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

பல்லைப் பிடுங்குவது டாக்டரின் வேலை. அது அரை மணியில் முடிந்துவிடும். புண்ணை ஆற்றுவது வீட்டின் வேலை. அது ஒரு வாரம், பத்து நாள் நடக்கும். முதல் வேலைக்குப் படித்துப் பட்டம் வாங்கியவர் இருக்கிறார். இரண்டாவது வேலையைச் செய்பவர் மனைவியோ, மகளோ, பேரனோ. அவர்களுக்கு அந்த வேலையை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? திண்டுக்கல் நகரத்திலும், அதைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களிலும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

வலி போன கதை

ஒரு காலத்தில் பல் பிடுங்குவது என்றால் நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கொடுமையை ஒழித்தவர்களே பல் வைத்தியர்கள்தாம். அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் 1844ல் சிரிப்பு வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்கிக்கொண்டார். 1846 அக்டோபர் 16ஆம் தேதி பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து, வலி இல்லாமல் ரண சிகிச்சை நடப்பதை உலகத்துக்குக் காட்டினார். அவரும் பல் வைத்தியர்தான். 1943ல் சுவீடன் நாட்டு நில்ஸ் லோஃப்கிரன் 'லிக்னோகெய்ன்' மருந்தைக் கண்டுபிடித்தார். இன்று ஈறில் போடும் மரத்துப் போகும் ஊசியில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது.

இந்தியாவிலும் பல் வைத்தியம் வேகமாக வளர்ந்தது. டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920ல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பல் வைத்தியர்களுக்கான சட்டம் 1948ல் வந்தது. சென்னையில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி 1953ல் ஏற்பட்டது. திண்டுக்கல்லுக்கே 2022 ஜனவரி 12ஆம் தேதி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

ஆக, நாற்காலியில் உட்காரும் அரை மணி நேரத்தில் வலியும் அபாயமும் எவ்வளவோ குறைந்துவிட்டன. மிஞ்சியிருக்கும் உபத்திரவத்தில் பெரும் பங்கு வீடு திரும்பிய பிறகுதான் வருகிறது. அதில் பெரும்பகுதியைத் தவிர்க்கவும் முடியும்.

இரத்தக் கட்டிதான் பூட்டு!

பல் போன இடத்தில் ஒரு குழி விழுகிறது. அந்தக் குழியில் இரத்தம் ஊறி, உறைந்து, ஒரு கட்டியாக நிற்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும். நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவும். ஆனால் அந்தக் கட்டியைப் போல ஒரு மருந்தை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. அடியில் உள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் அது மூடிக் காக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் புதுச் சதை வளருகிறது. பிறகு மெல்ல மெல்லக் குழிக்குள் எலும்பும் நிரம்புகிறது.

திண்டுக்கல் பூட்டைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2019ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. பெட்டிக்குப் பூட்டு எப்படியோ, பல் குழிக்கு இரத்தக் கட்டி அப்படி. பூட்டை உடைத்தால் பெட்டி திறந்து கிடக்கும். கட்டி பெயர்ந்தால் எலும்பு திறந்து கிடக்கும்.

அப்படித் திறந்து கிடக்கும் நிலைக்கு ஆங்கில வைத்தியர்கள் 'டிரை சாக்கெட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வறண்ட பல் குழி என்று சொல்லலாம். 1896ல் கிராஃபோர்டு என்ற பல் வைத்தியர் இதை முதன் முதலில் விவரித்து எழுதினார். பிடுங்கிய அன்றைக்கு வலி அடங்கியது போல இருக்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் திடீரென்று வலி கிளம்பும். காது வரை குத்தும். வாயில் துர்நாற்றம் வீசும். குழியை எட்டிப் பார்த்தால் கட்டி இருக்காது; வெள்ளையாக எலும்பு தெரியும். சாதாரணப் பற்களைப் பிடுங்கியவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். கீழ்த்தாடைக் கடைவாயில் உள்ள ஞானப் பல்லை அறுத்து எடுத்தவர்களுக்கு இது பல மடங்கு அதிகம். புகை பிடிப்பவர்களுக்கும், கர்ப்பத் தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இன்னும் அதிகம்.

எல்லா டிரை சாக்கெட்டும் நோயாளியின் குற்றம் என்று சொல்ல முடியாது. பல்லை எடுப்பது கஷ்டமாக இருந்தாலும் இது வரும். ஆனால் துப்பியும், உறிஞ்சியும், புகைத்தும் கட்டியைத் தாமே பெயர்ப்பவர்கள் பலர். அவர்களைக் காப்பாற்ற ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

முதல் நாள்

முதல் நாள் விதிகள் ஒரு கையின் விரல்களில் அடங்கும்.

டாக்டர் வைத்த பஞ்சை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். "நின்று விட்டதா?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கக்கூடாது. எடுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டி பிய்ந்து வரும். பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போக வேண்டியிருந்தால், கடித்தபடியே போகலாம். யாரோடும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். எச்சிலை விழுங்கலாம். அதில் கொஞ்சம் இரத்தம் கலந்திருந்தாலும் பயமில்லை.

துப்பக்கூடாது. 24 மணி நேரத்துக்கு வாய் கொப்பளிக்கக்கூடாது. உறிஞ்சக்கூடாது. இந்த மூன்றும் வாய்க்குள் ஒரு இழுப்பை உண்டாக்கிக் கட்டியைக் கிளப்பிவிடும். 'வெயில் கடுமை, உடம்புக்குக் குளிர்ச்சி' என்று இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். நல்லதுதான். ஆனால் குழலைப் போட்டு உறிஞ்சினால் வந்தது வினை. டம்ளரில் ஊற்றி மெல்லக் குடிக்க வேண்டும். அதே போல, விறகடுப்பு உள்ள வீடுகளில் பெண்கள் ஊதாங்குழலை எடுக்காமல் இருப்பது நல்லது. மேல் கடைவாய்ப் பல்லை எடுத்தவர்கள் மூக்கைப் பலமாகச் சிந்தவும் கூடாது. அந்தப் பல்லின் வேர்களுக்கும் முகத்து எலும்புக்குள் உள்ள காற்றறைக்கும் நடுவே மெல்லிய சுவர்தான் உண்டு.

உதடும் கன்னமும் மரத்திருக்கும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குச் சூடான காப்பி, டீ கூடாது. சுட்டாலும் தெரியாது. குழந்தைகள் மரத்த உதட்டை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கவனிக்க வேண்டும்.

வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது பாட்டி காலத்து வழக்கம். முதல் நாளில் அது தவறு. சூடு பட்டால் இரத்தம் அதிகம் ஓடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் மேல் கால் மணி நேரம் வைத்து, கால் மணி நேரம் எடுத்துவிட வேண்டும். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும்.

இரத்தம் மறுபடி கசிந்தால் கலவரப்பட வேண்டாம். எச்சிலோடு கலந்த இரண்டு துளி இரத்தம் வாய் நிறைய இருப்பது போலத் தோன்றும். சுத்தமான துணியை மடித்து, நனைத்துப் பிழிந்து, குழியின் மேல் வைத்து அரை மணி நேரம் அசையாமல் கடித்தால் சாதாரணமாக நின்றுவிடும். அப்படியும் நிற்காமல் வாய் நிறைந்து கொண்டே இருந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மறு நாளிலிருந்து கதை மாறுகிறது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கலந்து, சாப்பிட்ட பிறகெல்லாம் வாயில் வைத்து மெல்ல அலசி, தானாக வழிய விட வேண்டும். மற்றப் பற்களை மெதுவாகத் துலக்க வேண்டும். 'புண் இருக்கிறதே' என்று பல் துலக்காமலே விட்டால் அழுக்குச் சேர்ந்து புண் சீழ் பிடிக்கும். கரித்தூளையும் வேப்பங்குச்சியையும் மட்டும் புண் பக்கம் கொண்டு போகக்கூடாது.

புகையிலைச் சீமையில் ஒரு சங்கடம்

திண்டுக்கல்லுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஊரின் பேரோடு ஒட்டிக்கொண்ட சரக்கு புகையிலை. வெள்ளைக்காரர்கள் காலத்தில் திண்டுக்கல் சுருட்டு கப்பலேறிப் போயிற்று. ஸ்பென்சர் கம்பெனியார் இங்கே சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தினார்கள். வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. செம்மண் காட்டில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துப் புகையிலை பயிரிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடியானவர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் குறை சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

ஆனால் பல் பிடுங்கிய வாய்க்குப் புகையிலையைப் போல ஒரு விரோதி வேறில்லை.

புகை பிடிப்பவர் உறிஞ்சுகிறார், கட்டி அசைகிறது. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புண்ணுக்கு வர வேண்டிய இரத்தம் குறைகிறது. மெல்லுபவர் நிலை இன்னும் மோசம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்து புண்ணின் மேலேயே உட்காருகின்றன. பாக்குத் தூள் குழிக்குள் இறங்குகிறது. சுண்ணாம்பு சதையை அரிக்கிறது. ஒவ்வொரு ஐந்து நிமிஷமும் துப்புகிறார். செய்யக்கூடாதவை என்று டாக்டர் எழுதும் பட்டியல் முழுவதையும் ஒரே வாய் தாம்பூலம் செய்து முடித்துவிடுகிறது!

இதில் பெரிய வேடிக்கை, புகையிலையையே பல்வலிக்கு மருந்து என்று நம்புவதுதான். வலிக்கிற பல்லில் ஒரு துண்டு புகையிலையை அடக்கிக்கொள்கிறவர்கள் கிராமங்களில் இன்றும் உண்டு. பல் போன பிறகும் அதே கை அதே பொட்டலத்தைத்தான் தேடும். கிராம்பு எண்ணெய், ஆஸ்பிரின் மாத்திரைத் தூள் இவற்றைக் குழியில் அடைக்கும் பழக்கமும் அப்படியே. ஆஸ்பிரின் ஈறில் பட்டால் வெந்து வெள்ளையாகிவிடும். டிரை சாக்கெட்டுக்கு டாக்டர் மருந்து அடைப்பது வேறு. வீட்டில் கண்டதை அடைப்பது வேறு.

புகையை மூன்று நாளாவது நிறுத்த வேண்டும். ஒரு வாரம் நிறுத்தினால் உத்தமம். வெற்றிலையும் பாக்கும் புண் ஆறும் வரை கூடாது. ஐம்பது வருஷமாக வெற்றிலை போடும் மூதாட்டியிடம் இதைச் சொல்ல டாக்டருக்குத் தைரியம் வராது. பேரன் சொல்லலாம். "அப்பத்தா, இந்த ஒரு வாரத்துக்கு உன் வெத்தலைப் பை என்கிட்ட இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் விட்டவர் அடுத்த வாரமும் விட முடியும். பல் போன துக்கத்தில் அது ஒரு லாபம்.

லாபம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புகையிலை கலக்காத வெறும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ல் வெளியிட்ட நூலில் தீர்மானமாகச் சொல்லிவிட்டது. தமிழக அரசு 2013ல் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை விதித்தது. சட்டம் கடையைத்தான் மூட முடியும். வாயை மூட வீட்டில்தான் ஆள் வேண்டும்.

என்ன சாப்பிடலாம்?

இந்த வட்டாரத்தில் பட்டினி போட வேண்டிய அவசியமே இல்லை. ஆறின கேழ்வரகுக் கூழ், மோர் விட்டுக் குழைத்த சாதம், பாலில் ஊற வைத்த இட்லி, நன்றாகக் கனிந்த சிறுமலை வாழைப்பழம், காரமில்லாத பருப்புச் சாதம், குழைய வேக வைத்த காய்கறி - இவை போதும். குளிர்ந்த பாலும், கரண்டியால் சாப்பிடும் ஐஸ்கிரீமும் முதல் நாளுக்கு ஏற்றவை. முட்டையை அரை வேக்காடாகக் கொடுக்காமல், நன்றாக வேக வைத்து மசித்துக் கொடுக்கலாம். உடம்புக்குச் சத்து இருந்தால்தான் சதை வளரும். 'பத்தியம்' என்று சொல்லிக் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்துவது தப்பு.

திண்டுக்கல் பிரியாணியை மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போட வேண்டும். மிளகும் மிளகாயும் புண்ணை எரிக்கும், சீரகச் சம்பா அரிசி குழிக்குள் புகுந்து உட்காரும், எலும்பு குத்தும். முறுக்கு, வறுத்த கடலை, பொரி இவற்றுக்கும் இதே தீர்ப்புதான். ஒரு பக்கம் புண் என்றால் மறு பக்கம் மெல்ல வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் இங்கே ஒரு ஆபத்தை நினைவில் வைக்க வேண்டும். வாய் வலிக்கிறது என்று சாப்பிடாமல் இருந்துவிட்டு, வழக்கம் போல இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுத்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். கூழாகவாவது வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும் என்பதையும் மறக்கக்கூடாது.

மாத்திரைக் குழப்பம்

வலி மாத்திரையை மரப்பு தெளிவதற்கு முன்பே, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டால் இரவு நிம்மதியாகக் கழியும். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் ஆகவே ஆகா. அதை மருந்துக் கடைப் பையன் கேட்கமாட்டான். நோயாளிதான் சொல்ல வேண்டும். பாராசிட்டமால் பல பெயர்களில், பல கலவைகளில் வருகிறது. டாக்டர் கொடுத்ததில் ஒன்று, காய்ச்சலுக்கு என்று கடையில் வாங்கியதில் ஒன்று என்று சேர்ந்தால் அளவு மீறிவிடும். நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது. அது கல்லீரலைக் கெடுக்கும்.

எல்லாப் பல் பிடுங்கலுக்கும் கிருமிக்கொல்லி மாத்திரை தேவைப்படாது. டாக்டர் எழுதாவிட்டால் கேட்டு வாங்கக்கூடாது. எழுதிக் கொடுத்தால் நடுவில் நிறுத்தக்கூடாது. 'வலி மறக்க ஒரு பிராந்தி' என்ற யோசனை சொல்லும் சிநேகிதர்களை அந்த வாரம் வீட்டுக்குள் விடாமல் இருப்பதே நல்லது. சில கிருமிக்கொல்லி மருந்துகளோடு சாராயம் சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரும்.

இருதய நோய்க்காக இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய ஆபத்து. நிறுத்தலாமா, வேண்டாமா என்பதை இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்ய வேண்டும். தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் அதைச் சொல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்ளவே கூடாது. அந்த எலும்பு சாதாரண எலும்பைப் போல ஆறாது.

எப்போது ஓட வேண்டும்?

வீக்கம் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதிகமாகத்தான் தெரியும். பிறகு வடியும். இது இயற்கை. மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனால், ஜுரம் அடித்தால், சீழ் வந்தால், வாய் திறக்க முடியாமல் போனால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் கல் போல இறுகி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு முட்டினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. 1836ல் ஜெர்மானிய டாக்டர் லுட்விக் விவரித்த கொடிய நோய் அது. கிருமிக்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன் அதற்கு ஆளானவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று காப்பாற்ற முடியும், நேரத்தில் போய்ச் சேர்ந்தால். 108க்குப் போன் செய்ய வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

இன்னொரு ஜாக்கிரதையும் உண்டு. இரண்டு வாரமாகியும் புண் ஆறவில்லை, குழியில் சதை வளருகிறது, கன்னத்தில் வெள்ளைத் திட்டு தெரிகிறது, வாய் வர வரச் சுருங்குகிறது - இவற்றில் எது இருந்தாலும், அதிலும் புகையிலை போடுபவராக இருந்தால், புற்றுநோயா என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சீட்டு எங்கே?

இத்தனை விஷயங்களும் எந்த டாக்டருக்கும் தெரியாதவை அல்ல. பெரும்பாலான டாக்டர்கள் சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் எப்போது சொல்கிறார்கள்? பல்லைப் பிடுங்கிய கையோடு சொல்கிறார்கள். நோயாளியின் வாயில் பஞ்சு, மனத்தில் பயம், கண்ணில் தண்ணீர். அடுத்த ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் காதில் விழுந்தது எத்தனை நிலைக்கும்? கூட வந்தவர் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் கஞ்சி காய்ச்சப் போகிறவர் நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ இருக்கிறார். சில இடங்களில் சீட்டு கொடுக்கிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில்!

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

ஒன்று: பல் பிடுங்கும் ஒவ்வொரு இடத்திலும், அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் கிளினிக்கானாலும், பெரிய எழுத்துத் தமிழில் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படம் போட்டுக் கொடுக்கலாம். 'துப்பாதே' என்பதை ஒரு படம் சொல்லிவிடும்.

இரண்டு: பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே, கூட வந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். அவர்தான் அடுத்த ஒரு வாரத்துக்கு நர்ஸ்.

மூன்று: மூன்றாம் நாள் ஒரு போன் செய்து விசாரிக்க வேண்டும். டிரை சாக்கெட்டும் சீழும் தலைகாட்டும் சமயம் அதுதான். போன் செய்ய ஆள் இல்லாத இடத்தில், அரசின் 104 மருத்துவ ஆலோசனை எண்ணையாவது சீட்டில் அச்சிடலாம்.

நான்கு: வேலை கொடுப்பவர்களும் கொஞ்சம் மனம் வைக்க வேண்டும். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரோ, வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவரோ, ஞானப் பல்லை அறுத்துவிட்டு மறு நாளே வேலைக்குப் போவது சோம்பல் இல்லாத குணத்தால் அல்ல. கூலி போய்விடும் என்ற பயத்தால். குனிந்து மூட்டை தூக்கினால் தலைக்கு இரத்தம் ஏறிப் புண் மறுபடி கசியும். இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்தால் பத்து நாள் லீவு மிச்சம்.

'கிராமத்து ஜனங்கள் சொன்னால் கேட்கவா போகிறார்கள்?' என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்விக்குத் திண்டுக்கல் மாவட்டமே பதில் சொல்லியிருக்கிறது. டாக்டர் சௌந்திரம் ராமச்சந்திரன் 1947ல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். வைத்தியத்தையும் சுகாதாரப் போதனையையும் கிராமத்து வாசலுக்கே கொண்டு போவது அங்கே நடந்தது. பிறகு, ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையிலுள்ள தொண்டு மருத்துவ நிலையம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்போடு சேர்ந்து 2000ஆம் ஆண்டு முதல் கிராமம் கிராமமாகக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடத்தியது. பயிற்சி பெற்ற நர்சுகள் 31 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்தார்கள். அந்த நோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியாயிற்று. கூச்சம் மிகுந்த ஒரு விஷயத்திலேயே, தங்கள் பாஷையில் பக்குவமாகச் சொன்னதும் கிராமத்துப் பெண்கள் முன்வந்தார்கள். பல் விஷயத்திலா கேட்கமாட்டார்கள்?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுத்தது. வீடு தேடி வரும் அப்படிப்பட்ட ஊழியர், "வாயைக் கொஞ்சம் காட்டுங்கள் அம்மா" என்று ஒரு வார்த்தை கேட்டால் ஆறாத புண்ணும் தெரியும். வெள்ளைத் திட்டும் தெரியும்.

பல் ஒரு சின்ன எலும்பு என்று நினைப்பவர்கள், அது போன குழி எவ்வளவு பெரிய தொல்லைக்கு வாசல் என்பதை நினைப்பதில்லை. அந்த வாசலுக்கு இயற்கை ஒரு பூட்டுப் போட்டுக் கொடுக்கிறது. காசு கிடையாது; சாவி கிடையாது. அதைக் கழற்றாமல் ஒரு வாரம் காவல் இருப்பதுதான் வீட்டாரின் வேலை. எப்படிக் காவல் இருப்பது என்று நல்ல தமிழில் எழுதிக் கொடுப்பது டாக்டர்களின் கடமை. பல் பிடுங்கியதற்குப் பணம் கொடுத்துவிட்டு வெளியே வரும் ஒவ்வொருவரும், "சீட்டு எங்கே, டாக்டர்?" என்று கேட்க வேண்டும். நாலு பேர் கேட்டால் நாளைக்கே அச்சாகிவிடும்.